எடைக்குறைப்பு ஆபரேஷனும் பித்தப்பையும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

2021-இல் கோயம்புத்தூரில் எனக்கு பைபாஸ் ஆனது. இதய பைபாஸ் இல்லை, இரைப்பை பைபாஸ், இதைச் சொன்னதும் "ஐயோ, ஹார்ட்டா?" என்று நெஞ்சில் கை வைக்காதவர்கள் குறைவு. அப்போது 118 கிலோ. எட்டாவது மாதம் 83 கிலோவுக்கு வந்திருந்தபோது பித்தப்பையையும் எடுக்க வேண்டி வந்தது. அதிலிருந்து ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள், செய்துகொண்டவர்கள், அவர்களுடைய அம்மாக்கள் என்று யாராவது போன் செய்து ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் இணைப்பை அனுப்பிவிடலாம் என்றுதான் இது.

நான் டாக்டர் இல்லை, வங்கியில் வேலை. பட்டது, டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, படித்தது, இவ்வளவுதான் கையிருப்பு. உங்கள் உடம்புக்கு என்ன செய்வது என்பதை உங்கள் சர்ஜனிடம்தான் கேட்க வேண்டும்.

ஸ்லீவ், பைபாஸ்னு சொல்றாங்களே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். உணவு போகும் பாதை மாறாது. பைபாஸில் இரைப்பையின் மேல் நுனியில் முட்டையளவு ஒரு சின்னப் பை மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கப்படும். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அந்தப் பக்கம் போகாது. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், கடைசியில் வரும் கேள்விகளுக்கு இது தேவைப்படும்.

எத்தனை நாள்ல எழுந்து நடக்கலாம், எப்ப வேலைக்குப் போகலாம்?

அன்று மாலையே நடக்க வேண்டும். நர்ஸ் வந்து எழுப்புவார், மனசுக்குள் திட்டிக்கொண்டே நடப்பீர்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்கத்தான் அந்தக் கட்டாயம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் போகலாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் ஒன்றரை மாதத்துக்கு மற்றவர் பொறுப்பு.

சாப்பாடு எப்படி? இட்லி எப்ப சாப்பிடலாம்?

எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும்: மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய ரசம், சூப், புரோட்டீன் பவுடர். அப்புறம் இரண்டு வாரம் மசித்தது. நான்காவது வாரம் வாக்கில் அரை இட்லியை சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிட்டேன், இருபது நிமிடம் ஆனது. தோசை, சப்பாத்தி, கோழி, மட்டன் எல்லாம் இரண்டு மாதத்தை ஒட்டி. ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு தாள் கொடுக்கும், அதில் ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

இரண்டு விஷயம் நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர் எதிர். ஒன்று, சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். இன்னொன்று, தட்டில் சோறு கடைசி. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டால் சோற்றுக்கு எங்கே இடம் என்பது புரியும்.

தோள்பட்டை வலிக்குது. அதுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?

முதல் இரண்டு மூன்று நாள் என்றால் பெரும்பாலும் காற்று. லேப்ராஸ்கோபி என்கிற துளை ஆபரேஷனில் வயிற்றை கார்பன் டை ஆக்சைடு ஊதி உப்பவைக்கிறார்கள். மிச்சமிருக்கும் காற்று உதரவிதானத்தைச் சீண்டும், வலி தோளில் தெரியும். நடக்க நடக்கக் குறையும்.

குறையாமல் கூடினால், கூடவே காய்ச்சல், மூச்சிரைப்பு, நாடித்துடிப்பு சும்மா படுத்திருக்கும்போதே 120-ஐத் தாண்டுவது என்று வந்தால், தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரத்தில் மிகவும் பயப்பட வேண்டியது அதற்குத்தான். அந்த நேரத்தில் போனில் யாரிடமும் யோசனை கேட்காதீர்கள், என்னிடமும்தான். வண்டி ஏறுங்கள்.

இரைப்பையைத்தானே வெட்டினாங்க, பித்தப்பையில ஏன் கல் வருது?

ஈரலுக்குக் கீழே, வலது விலாவை ஒட்டி ஒரு சின்னக் கத்தரிக்காய் அளவில் இருப்பது பித்தப்பை. பித்தநீரைச் சுரப்பது அது இல்லை, ஈரல். பித்தப்பை வெறும் சேமிப்புத் தொட்டி. எண்ணெய், நெய் சேர்ந்த உணவு சிறுகுடலுக்கு வந்ததும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி "பிழிந்து விடு" என்று சொல்லும், தொட்டி சுருங்கிப் பித்தநீரை உள்ளே அனுப்பும்.

எடை வேகமாகக் குறையும்போது, உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கிறது. அதிலிருந்து வரும் கொலஸ்ட்ராலை ஈரல் பித்தநீரில் தள்ளுகிறது. பித்தநீரால் கரைத்து வைத்துக்கொள்ள முடிகிற அளவைத் தாண்டிவிடுகிறது, ஜீரா ஆறினால் அடியில் சர்க்கரை பூக்குமே, அப்படி. இன்னொரு பக்கம் நாம் சாப்பிடுவதோ மூன்று ஸ்பூன், அதில் எண்ணெய் சொட்டுக்கூட இல்லை, அதனால் தொட்டி பிழியப்படாமல் தேங்கிக் கிடக்கிறது. பைபாஸ் என்றால் அந்த ஹார்மோன் கிளம்பும் சிறுகுடல் முகப்புக்கே உணவு போவதில்லை. கெட்டியான நீர், தேக்கம்: இது இரண்டும் சேர்ந்தால் கல்.

ஆகவே குற்றவாளி கத்தி இல்லை, வேகம். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைகிற எவருக்கும், பட்டினி கிடந்து குறைத்தவருக்கும்கூட, இது நடக்கலாம்.

எல்லாருக்கும் வருமா?

இல்லை. பழைய அமெரிக்க ஆய்வு ஒன்று, 1995-இல் வந்தது: பைபாஸ் செய்தவர்களில் தடுப்பு மாத்திரை எடுக்காதவர்களுக்கு ஆறு மாதத்தில் நூற்றுக்கு 32 பேருக்குக் கல் உருவானது. கல் இருப்பது வேறு, அது தொல்லை கொடுப்பது வேறு. தொல்லை கொடுப்பது சுமார் பத்துப் பேருக்கு ஒருவருக்குத்தான். ஆபத்தான காலம் முதல் ஒன்றரை வருடம், எடை நிலைத்ததும் ஆபத்தும் இறங்கிவிடும்.

ஆறு மாசம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. வலியே இல்லையே, எதுக்கு?

அது அர்சோடியாக்சிகோலிக் அமிலம், கடையில் உடிலிவ் போன்ற பெயர்களில் கிடைக்கும். வலிக்கான மாத்திரை இல்லை, பித்தநீரை இளக்கமாக வைத்துக் கல் கட்டாமல் பார்த்துக்கொள்வது. மேலே சொன்ன அதே ஆய்வில் ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குத்தான் கல் வந்தது. 2021-இல் நெதர்லாந்தில் இருந்து வந்த பெரிய ஆய்வு இன்னும் நிதானமாகப் பேசுகிறது: 900 மில்லிகிராம் எடுத்தவர்களில் தொல்லை கொடுக்கும் கல் 6.5 சதவீதம், எடுக்காதவர்களில் 9.7. ஆபரேஷனுக்கு முன்பே கல் இருந்தவர்களுக்கு அதில் பெரிய பலன் தெரியவில்லை. ஆக, மந்திரம் இல்லை, ஆனால் குறைக்கும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் எழுதிக் கொடுத்தார்கள். வைட்டமின், கால்சியம், இரும்பு, புரோட்டீன் என்று ஏற்கெனவே மேஜையில் ஒரு மருந்துக்கடை. இரண்டாவது மாதம் வயிறு இளகிப் போனது, "இதுதான் காரணம்" என்று நானே முடிவு செய்து நிறுத்தினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சாப்பிட்டிருந்தால் வந்தே இருக்காது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாதுதான், இருந்தாலும் அது இன்னும் உறுத்துகிறது. வயிறு இளகினால் அளவை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். உணவோடு சாப்பிடுங்கள். ஜெலுசில் மாதிரி ஆன்டாசிடை அதே நேரத்தில் குடிக்காதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது.

அப்ப எண்ணெயைச் சுத்தமா நிறுத்திட்டா நல்லதுதானே?

இல்லவே இல்லை. கல் ஏன் வருகிறது என்ற கேள்வியைத் திரும்பப் படியுங்கள்: பிழியப்படாத தொட்டிதான் பிரச்சனை. ஒரு வேளை உணவிலாவது பத்து கிராம் அளவுக்குக் கொழுப்பு இருந்தால் பித்தப்பை ஒழுங்காகச் சுருங்கும். அது இரண்டு சின்ன ஸ்பூன் நல்லெண்ணெய், அவ்வளவே. அவித்த பயறில் தாளித்து ஊற்றினால் முடிந்தது. கல் வந்து வலி ஆரம்பித்த பிறகு கதை வேறு, அப்போது சுருங்கினால்தான் வலிக்கும், ஆபரேஷன் வரைக்கும் எண்ணெயைக் குறைக்கச் சொல்வார்கள்.

சஷ்டி விரதம் இருக்கலாமா? நோன்பு வைக்கலாமா?

முதல் வருடம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நீண்ட பட்டினியில் பித்தநீர் தேங்கும். அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர்: நம்மால் ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்க முடியாது, பகல் முழுக்க விட்டுவிட்டு மாலையில் ஈடுகட்டுவது நடக்காத காரியம். ரமலான் நோன்பு வைத்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் ஒன்றரை வருடம் தாண்டிய பிறகு டாக்டரிடம் பேசி, சர்க்கரை மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டு வைத்திருக்கிறார்கள்.

கேஸ் வலியா, கல் வலியான்னு எப்படித் தெரியும்?

இந்தப் பக்கம் எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். நம் ஊரில் நெஞ்சுக்குக் கீழே இடுப்புக்கு மேலே எது வலித்தாலும் அதற்குப் பெயர் கேஸ்.

ஏழாவது மாதம். தங்கையின் சீமந்தம், இரண்டு மெதுவடை சாப்பிட்டேன், ரொம்ப நாள் கழித்து. ராத்திரி ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தது. தொப்புளுக்கு மேலே நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஆரம்பித்து, வலது விலாவுக்குப் போய், அப்படியே முதுகில் வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் குத்தியது. புரண்டு படுத்தாலும், குனிந்தாலும், நடந்தாலும் ஒரே மாதிரி. ஈனோ குடித்தேன், ஓமவாட்டர் குடித்தேன், பேன் 40 என்ற அசிடிட்டி மாத்திரை போட்டேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. சமையலறைத் தரையில் ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன், அந்தச் சில்லிப்பு மட்டும் இதமாக இருந்தது. நாலரை மணிக்கு, சுவிட்சை அணைத்தது போல, வலி நின்றது. காலையில் வேலைக்கே போய்விட்டேன். அதுதான் தப்பு. நின்றுவிட்டால் நாம் மறந்துவிடுகிறோம். இப்படி நான்கு ராத்திரி போன பிறகுதான் ஸ்கேன் எடுத்தேன்.

ஆக அடையாளம் இதுதான்: அரை மணியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் வரை விடாமல் நிற்கும், பெரும்பாலும் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட பிறகு அல்லது ராத்திரியில், வலது பக்கமோ நடுவிலோ, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவும், குமட்டும். கேஸ் நகரும், ஏப்பத்திலோ வெளியேறினாலோ குறையும். இது நகராது. ஒரு தடவை வந்தாலும் ஸ்கேன் எடுங்கள். ஆறு எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் போக வேண்டும், அப்போதுதான் பித்தப்பை நிரம்பி நன்றாகத் தெரியும். கூடவே ஈரல், கணைய ரத்தப் பரிசோதனை. வலி ஆறு மணி நேரம் தாண்டினாலோ காய்ச்சல் வந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.

ஸ்கேன்ல கல் இருக்கு, ஆனா வலியே இல்லை. எடுத்துடணுமா?

பொதுவாக வேண்டாம். வலி தராத கல்லோடு வாழ்நாளைக் கழிக்கிறவர்கள் ஏராளம். எந்த வலி வந்தால் ஓடி வர வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு இருக்கலாம். ஒரு தடவை வலித்துவிட்டால் திரும்ப வலிக்கும் வாய்ப்பு அதிகம், அப்போது எடுத்துவிடுவதுதான் வழக்கம். சின்னக் கல்தானே என்று அலட்சியம் வேண்டாம். பெரிய கல் பைக்குள்ளேயே கிடக்கும், சின்னதுதான் நழுவிப் போய்க் குழாயை அடைக்கும்.

முதல் ஆபரேஷன்லயே பித்தப்பையையும் எடுத்திருந்தா ரெண்டு தடவை வெட்ட வேண்டாமே?

நானும் என் சர்ஜனிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். ஏற்கெனவே கல் இருந்து வலியும் இருந்தால் பெரும்பாலும் சேர்த்தே எடுப்பார்கள். ஒன்றுமில்லாத பித்தப்பையை, வரலாம் என்பதற்காக எடுப்பதை இப்போது பெரும்பாலானோர் ஏற்பதில்லை. மேலே பார்த்தோமே, பத்தில் ஒருவருக்குத்தான் தொல்லை. மற்ற ஒன்பது பேருக்கும் மயக்க நேரத்தைக் கூட்டி, பித்தநாளத்தில் காயம் படும் ஆபத்தை எதற்குக் கொடுக்க வேண்டும்? அதோடு ரொம்பக் குண்டாக இருக்கும்போது ஈரல் கொழுத்துப் போய் அந்த இடத்தை மறைக்கும், எடை குறைந்த பிறகு எடுப்பது சர்ஜனுக்குச் சுலபம். எனக்கு நான்கு துளை, மறுநாள் வீடு. முதல் ஆபரேஷனோடு ஒப்பிட்டால் பாதிக் கஷ்டம்கூட இல்லை.

வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சா கல் கரையாதா?

வாழைத்தண்டு, நெருஞ்சில், சிறுபீளை எல்லாம் நம் ஊரில் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுப்பது. பித்தப்பைக் கல் வேறு இடம், வேறு சரக்கு. தமிழில் இரண்டுக்கும் "கல்" என்றே சொல்வதால் வந்த குழப்பம் இது. என் பித்தப்பையில் இருந்து எடுத்ததை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள்: வறுத்த வெந்தயம் போல மஞ்சளாக, பதினொன்று இருந்தன. அது கெட்டிப்பட்ட கொலஸ்ட்ரால். தண்ணீரை நிறையக் குடித்தால் சிறுநீரில் அடித்துப் போகிற வழியே அதற்கு இல்லை. (பைபாஸ் ஆனவர்களுக்குச் சிறுநீரகக் கல்லும் கொஞ்சம் கூடுதலாக வரும், அதற்குத் தண்ணீர் முக்கியம், அது தனிக் கதை.)

ஆப்பிள் ஜூஸும் ஆலிவ் எண்ணெயும் குடித்தால் காலையில் பச்சைப் பச்சையாகக் கல் வெளியேறுகிறது என்று வீடியோ சுற்றுகிறது. அந்தப் பச்சை உருண்டை, குடித்த எண்ணெய் குடலில் சோப்பு போலத் திரண்டது. அர்சோ மாத்திரை கரைக்குமே என்றால், சின்ன கொலஸ்ட்ரால் கல்லாக இருந்தால், மாதக்கணக்கில் சாப்பிட்டால், சிலருக்குக் கரைக்கும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பவும் வரும். வலி ஆரம்பித்தவர்கள் அதை நம்பிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

கண் மஞ்சளா இருக்கு. கீழாநெல்லி கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். வைரஸால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரத்தில் இறங்கும், கீழாநெல்லிக்கு அந்தப் பெயர் கிடைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. இது அப்படி இல்லை. கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்துவிட்டது, குழாய் அடைப்பு. சிறுநீர் டிகாஷன் நிறத்தில், மலம் சந்தனம் போல வெளிறி, உடம்பெல்லாம் அரிப்பு என்றால் அதுதான். கூடவே குளிர்க்காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் அடைப்புக்குப் பின்னால் தேங்கிய பித்தநீரில் கிருமி பிடித்துவிட்டது, அது ரத்தத்தில் கலக்க அதிக நேரம் ஆகாது. அன்றைக்கே மருத்துவமனை.

அதேபோல வலி மேல்வயிற்றில் இருந்து நேராக முதுகைத் துளைத்து, வாந்தி நிற்காமல் வந்தால் கல் கணையத்தின் வாசலில் நிற்கலாம். கணைய அழற்சி விளையாட்டு இல்லை.

பித்தப்பையை எடுத்துட்டா பித்தம் குறைஞ்சிடுமா? அப்புறம் எப்படி ஜீரணம் ஆகும்?

மாமியார் கேட்டது. காலையில் தலைசுற்றினால், வாய் கசந்தால், குதிகாலில் வெடித்தால் நாம் சொல்லும் பித்தம் வைத்திய மரபின் பித்தம், இந்தப் பையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஜீரணம் நடக்கும். ஈரல் சுரப்பதை நிறுத்தவில்லை, தொட்டி இல்லாததால் பித்தநீர் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போகிறது.

சிலருக்குச் சில வாரம் வயிற்றுப்போக்கு இருக்கும், சாப்பிட்டதும் ஓட வேண்டியிருக்கும். பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் பித்த உப்பைப் பிடித்து வைக்கும் கோலஸ்டிரமின் என்ற பொடி தருவார்கள். அது வைட்டமின்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், நமக்கு ஏற்கெனவே அதில் பற்றாக்குறை, ஆகவே இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கல் வலியில தினமும் வாந்தி. ஆபரேஷன் தேதி ரெண்டு வாரம் கழிச்சுத்தான். தாங்கலாமா?

வாந்தியைத் தாங்கலாம், அதனால் வரும் இன்னொன்றைத் தாங்க முடியாது. உடம்பில் தயமின், அதாவது பி1 வைட்டமின், சில வாரத்துக்குத்தான் கையிருப்பு இருக்கும். கொஞ்சமாகச் சாப்பிடும் நமக்கு வாந்தியும் சேர்ந்தால் சீக்கிரம் தீரும். கால் மரத்துப்போவது, தள்ளாட்டம், இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழப்பம் என்று போய், கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பழுதாகும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி என்றாலே போய், "எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர், தயமின் கொடுத்துவிட்டு குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வரிசை முக்கியம், தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

ஆபரேஷனே வேண்டாம், ஊசி போட்டுக்கிட்டா இந்தத் தொல்லை இல்லையே?

மௌன்ஜாரோ என்ற எடைக்குறைப்பு ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்ததில் இருந்து இந்தக் கேள்விதான் முதலிடம். குற்றவாளி கத்தி இல்லை, வேகம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஊசியிலும் எடை வேகமாகக் குறைகிறது, பித்தப்பையும் மந்தமாகிறது. பித்தப்பைத் தொல்லை அந்த மருந்துகளின் எச்சரிக்கைப் பட்டியலிலேயே இருக்கிறது. மேலே எழுதிய கேஸ் வலிக் கேள்வி ஊசி போடுகிறவர்களுக்கும் பொருந்தும்.

குழந்தைக்கு எப்ப முயற்சி பண்ணலாம்?

ஒரு வருடத்தில் இருந்து ஒன்றரை வருடம் தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை குறைந்ததும் பிசிஓடி இருந்தவர்களுக்குக்கூட மாதவிலக்கு சீராகிச் சட்டென்று கரு தங்கிவிடுகிறது, "எனக்குத்தான் நிற்காதே" என்று அசட்டையாக இருக்காதீர்கள். கர்ப்பமும் பித்தப்பையை மந்தமாக்கும், வேக எடை இழப்போடு சேர்ந்தால் இரட்டை ஆபத்து. பைபாஸ் ஆனவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல் வேறு முறை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், மாத்திரை முழுசாக உறிஞ்சப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பாலிசியை எடுத்து "காத்திருப்புக் காலம்" பகுதியைப் படியுங்கள். பித்தப்பைக் கல்லுக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருடம் இருக்கும். எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்த கையோடு பாலிசி மாற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

எனக்கு பைபாஸ். கல் குழாய்ல மாட்டிக்கிச்சு, எண்டோஸ்கோப்பில எடுக்க முடியாதுங்கறாங்க. ஏன்?

ஸ்லீவ் ஆனவர்களுக்கு வாய்வழியாகக் குழாயை விட்டு, இரைப்பை தாண்டி, பித்தநாளத்தின் வாயில் இருந்து கல்லை எடுத்துவிடலாம். ஈஆர்சிபி என்பது அதுதான். பைபாஸில் அந்தப் பாதையே துண்டிக்கப்பட்டிருக்கிறது. வாயில் விட்ட குழாய் சுற்றுவழியில் சிறுகுடலைத் தாண்டித் திரும்பி வர வேண்டும், சாதாரணக் குழாய்க்கு அந்த நீளம் போதாது. முடியவே முடியாது என்றில்லை. துளை ஆபரேஷன் செய்து, உள்ளே சும்மா கிடக்கும் பழைய இரைப்பையில் ஒரு வழி திறந்து, அதன் வழியே ஈஆர்சிபி செய்வார்கள், அதே மயக்கத்தில் பித்தப்பையையும் எடுத்துவிடலாம். இதற்கு சர்ஜனும் எண்டோஸ்கோப்பி டாக்டரும் ஒரே இடத்தில் வேண்டும். எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை, அதனால்தான் பைபாஸ் ஆனவர்கள் வலி வந்த கல்லைத் தள்ளிப்போடக் கூடாது.

பித்தப்பையும் எடுத்தாச்சு, ஸ்கேனும் நார்மல். ஆனா வலி வந்து வந்து போகுது. மனப்பிரமையா?

பைபாஸ் ஆகி ஒரு வருடம் தாண்டியவர் என்றால் அந்த வார்த்தையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். குடலை மாற்றி இணைக்கும்போது குடல்தாங்கிச் சவ்வில் இடைவெளிகள் உண்டாகும், தைத்துத்தான் விடுவார்கள். எடை குறைய, அங்கிருந்த கொழுப்பும் கரைந்து, பழைய ரவிக்கை தொளதொளப்பது போல அந்த இடம் தளர்ந்துபோகும். குடல் அதற்குள் நுழையும், திரும்பி வரும். நுழைந்தால் வலி, வந்தால் ஒன்றுமில்லை. முறுக்கிக்கொண்டால் குடல் அழுகும். இதற்கு உள்குடலிறக்கம் என்று பெயர். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஸ்கேனில் தெரியாமல் போகலாம், வலி இருக்கும்போதே சிடி எடுக்க வேண்டும், அதிலும் தெரியாவிட்டால் வயிற்றில் துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் வரும்.

இன்னொரு சாத்தியம், இணைப்பு போட்ட இடத்தில் புண். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளும் சிகரெட்டும் அதற்கு முக்கியக் காரணங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாராசிட்டமால் பரவாயில்லை.

ராத்திரி வலி வந்து தெரியாத ஊர்ல எமர்ஜென்சிக்குப் போனா என்ன சொல்லணும்?

என்ன ஆபரேஷன், எந்த மாதம், யார் செய்தது, பித்தப்பை இருக்கிறதா இல்லையா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். ஸ்லீவா பைபாஸா என்று தெரியாமல் "ஏதோ வயித்த சின்னதாக்குனாங்க" என்று சொல்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வலியில் நமக்குப் பேச்சு வராது, கூட வருகிறவருக்கு எதுவும் தெரியாது.

நான் ஒரு அட்டையில் எழுதி, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, போன் கவருக்குள் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது: இரைப்பை பைபாஸ், 2021. பித்தப்பை எடுக்கப்பட்டது, அதே ஆண்டு. டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டாம். மூக்குவழிக் குழாயை சர்ஜனைக் கேட்காமல் போட வேண்டாம், உள்ளே பை சின்னது. குளுக்கோஸுக்கு முன் தயமின். வலி நிற்காவிட்டால் உள்குடலிறக்கமா என்று பார்க்கவும். கீழே சர்ஜன் எண், என் கணவர் எண், ரத்த வகை. பத்து ரூபாய் ஆனது.